அரியாலைப் பெட்டியும் இளவாலைப் பெண்ணும்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
சனிக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த யாகோப்பு அத்தானுக்கு,

வின்சன்ற் எழுதிக்கொள்வது. இங்கே நான், அருமைநாயகி, மகன் எமில்ராஜ் மூவரும் யாகப்பரின் புண்ணியத்தில் சுகம். இலண்டனில் உங்களுடைய முழங்காலும் அக்காவின் பிரஷரும் எந்த அளவில் நிற்கின்றன என்று அறிய ஆவல். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு விசரோ என்று யோசிப்பீர்கள். வட்ஸ்அப்பில் கதைத்து அனுப்பலாம்தான். ஆனால் நான் இரகசியம் கதைத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆகையால் வருகிற புதன்கிழமை இலண்டனுக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டுச் செபமாலையின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். எமில்ராஜுக்கு நீங்கள் பேசிய இளவாலைப் பெண் ஜெயனியைப் போய்ப் பார்த்து ஒரு கிழமைக்குள் மறுமொழி சொல்லச் சொன்னீர்கள். பார்த்தேன். மறுமொழி: வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தொரு வருசம் வயர்மேனாக இருந்தவன் நான். கோபத்தோடு கரண்ட் வேலை செய்கிறவன் நாற்பத்தொரு வருசம் இருக்கமாட்டான். நடந்ததை நடந்தபடி, நடுநிலையாக எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெண்ணுக்குப் போன் ரவர் கொம்பனியில் பவர் பரிசோதகர் வேலை என்று எழுதியிருந்தீர்கள். அதே கொம்பனியின் அரியாலை ரவருக்குப் புதுப் பெட்டி ஒன்று கட்டுகிற வேலையை, நல்ல காலமோ கெட்ட காலமோ, கொன்றாக்டர் கனிசியஸ் எனக்குத் தந்திருந்தான். உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், ரவருக்குக் கீழே ஒரு சின்ன அறை, அறைக்குள்ளே பெரிய பெரிய பற்றரிகள். பற்றரியில் இருந்து வருகிற கரண்டைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பியூஸ் வழியாக அனுப்புகிற இரும்புப் பெட்டிதான் நான் கட்டியது. வெள்ளிக்கிழமை அதைப் பரிசோதிக்க ஜெயனி என்று ஒரு பிள்ளை வரும் என்று கனிசியஸ் சொன்னதும் எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. நீங்கள் அனுப்பிய படம் என் போனில் இருக்கிறது. அவவுக்கு என்னைத் தெரியாது. மாப்பிள்ளையின் தகப்பன் என்று காட்டிக்கொள்ளாமல் ஒரு மூலையில் நின்று பெண்ணின் நடையையும் கதையையும் குணத்தையும் அளந்துகொண்டு வரலாம். தேத்தண்ணீர்த் தட்டோடு வருகிற பெண் எல்லாரும் நல்ல பெண்தான். வேலை இடத்தில் பார்த்தால்தான் ஆள் தெரியும். என்னுடைய இந்த யோசனையை நானே மெச்சிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சவரம் செய்து, பெருநாள் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பெண் சரியாக எட்டரைக்கு வந்து இறங்கினா. படத்தில் உள்ளதை விட எப்பன் மெலிவு. தலையில் தொப்பி, காலில் சப்பாத்து, காதிலும் கழுத்திலும் கையிலும் ஒரு பொட்டு நகை இல்லை. இதை முதலாவது குறையாக மனதில் எழுதிக்கொண்டேன். "வணக்கம் ஐயா, நீங்கள்தானே பெட்டி கட்டினது?" என்று மரியாதையாகத்தான் கேட்டா. ஓம் என்றேன். அடுத்த கதை என்ன தெரியுமோ? "அப்ப அந்த மோதிரத்தை ஒருக்காக் கழட்டுங்கோ."

அத்தான், அது முப்பத்துமூன்று வருசத்துக்கு முன்னம் நீங்கள் சாட்சியாக நிற்க, யாகப்பர் கோயில் பீடத்துக்கு முன்னால் போட்ட மோதிரம். போட்ட நாளில் இருந்து கழற்றியதில்லை. "தங்கச்சி, இது கலியாண மோதிரம்," என்றேன். "ஓம் ஐயா, அதாலைதான் சொல்லுறன். மோதிரம் ரெண்டு கம்பிக்கும் நடுவிலை பட்டால் நெருப்பாப் பழுத்துப் போகும். விரலை வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். மோதிரத்தோடை பெட்டிக்குள்ளை கை வைக்க நான் விடமாட்டன்," என்றா. வீட்டுக்காரியைக் கேட்காமல் கழற்ற ஏலாது என்று சொன்னேன். பேசாமல் விட்டுவிடுவா என்று நினைத்துச் சொன்ன சாட்டு அது. "அப்ப கேளுங்கோ, நான் நிக்கிறன்," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றா. வேறு வழியில்லாமல் அருமைநாயகிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "விரல் போனாப் பிறகு மோதிரத்தை எங்கை கொண்டுபோய்ப் போடப்போறியள்? கழட்டுங்கோ மனுசன்!" என்று அங்காலே இருந்து சத்தம். அதோடு விட்டாளோ? "ஆர் அந்தப் பிள்ளை, போனை ஒருக்காக் குடுங்கோ," என்றாள். கொடுத்தேன். என்னுடைய போனில், என்னுடைய காசில், இரண்டு பெண்களும் கால் மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் "அப்ப வைக்கிறன் மாமி," என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தா. முன்பின் தெரியாத மனுசியை மாமி என்கிறதே, இளவாலைப் பக்கத்து வழக்கமாக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு உடுப்புச் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டு, நானும் கனிசியஸும் மாறி மாறி இழுத்து, ஒருவழியாக மோதிரம் கழன்றது. சேட்டுப் பொக்கற்றில் போட்டேன். விரல் வெளிறி, என்னுடைய விரல் மாதிரியே இல்லை.

அடுத்தது அந்தோனியார். நான் கட்டுகிற பெட்டி எல்லாவற்றிலும் கதவின் உள்பக்கத்தில் அந்தோனியார் படம் ஒன்று ஒட்டி, அதற்குக் கீழே என் பெயரை எழுதுவது உங்களுக்குத் தெரியும். அரியாலைப் பெட்டியில் அதே இடத்தில் கொம்பனிக்காரன் எந்தப் பியூஸ் எந்தக் கருவிக்கு என்று எழுதுகிற அட்டவணையை அச்சடித்து வைத்திருந்தான். நான் அதற்கு மேலேயே ஒட்டிவிட்டேன். "ஐயா, எந்தப் பியூஸ் எதுக்கெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டா. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர்தானே அந்தோனியார் என்று முசுப்பாத்தியாகச் சொன்னேன். "அவர் கண்டுபிடிச்சுத் தரும்வரைக்கும் அரியாலையிலை ஒருத்தருக்கும் போன் வேலை செய்யாது ஐயா," என்றா சிரிக்காமல். படத்தை நகத்தால் பக்குவமாகக் கிளப்பிக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா. அந்த இடத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நடுநிலை என்றால் இதையும் எழுதத்தானே வேண்டும். அருமைநாயகி தந்துவிட்ட மடுமாதா தீர்த்தத்தைப் பெட்டிக்குள்ளே தெளிக்கப் போத்தலைத் திறந்தபோதுதான், "ஐயோ ஐயா! வெளியிலை, வெளியிலை!" என்று பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தா.

அதன்பிறகு வேலையைப் பார்க்கத் தொடங்கினா. நான் இறுக்கிய மரைகளில் மரை இறுக்குகிற சாவி ஒன்றைப் போட்டுத் திருப்பினா. அளவுக்கு வந்ததும் அது 'டக்' என்று சத்தம் போடும் சாவி. எட்டில் மூன்று மரை, நான் என் கையால் இறுக்கிய மரை, இன்னும் கால் சுற்றுச் சுற்றின பிறகுதான் சத்தம் போட்டது. லூசாக இருந்தால் சூடேறும் என்று எனக்கு வகுப்பு. பிறகு பியூஸைப் பார்த்தா. அடிக்கடி போய்த் தொல்லை தரக்கூடாது என்று நான் எல்லா இடத்திலும் இருந்ததிலேயே பெரிய பியூஸைப் போட்டிருந்தேன். "ஐயா, பியூஸ் போறதுக்குத்தான் போடுறது. அது போகாட்டில் வயர் எரியும். வயர் தாங்கிற அளவுக்குக் கீழை இருக்கவேணும் பியூஸ்," என்றா. என் மகனின் வயதில் ஒரு பிள்ளை, எனக்கு! கனிசியஸ் அங்காலே திரும்பி நின்று கடலைப் பார்த்தான்.

இதெல்லாம் பெரிய காரியமில்லை. மத்தியானத்துக்குக் கிட்டத்தான் காரியம் நடந்தது. "ஐயா, பியூஸ் ஏன் சிவத்த வயரிலை கிடக்கு?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத அந்த வருசங்களில் குருநகரில் கார் பற்றரியை வைத்து எத்தனை கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வெளிச்சம் கொடுத்தவன் நான். பற்றரி வின்சன்ற் என்று கேட்டால் இன்றைக்கும் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். வீட்டு வயரிங்கிலும் சிவப்புத்தான் உயிர், கார் பற்றரியிலும் சிவப்புத்தான் உயிர், கறுப்பு வெறும் எர்த். உயிரில்தான் பியூஸ் போட வேண்டும். இந்தப் பெட்டி வரும்போது தொழிற்சாலைக்காரன் மாறிக் கறுப்பில் பியூஸ் வருகிற மாதிரிச் செய்திருந்தான். நான் அரைநாள் மினக்கெட்டு அவன் விட்ட பிழையைத் திருத்தினேன். அதை அப்படியே விளங்கப்படுத்தினேன். அந்தப் பிள்ளை பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. "வயரிங் படம் தந்ததே, பாக்கேல்லையோ ஐயா?" என்றா. படம் ஏணிக் காலுக்குக் கீழே இருந்தது. நிலம் சமனில்லாமல் ஏணி ஆடியபடியால் நாலாக மடித்து வைத்திருந்தேன்.

"ரவரிலை தலைகீழ் ஐயா," என்றா. "இதிலை பற்றரியின்ரை சிவப்புத்தான் எர்த்திலை கட்டிக்கிடக்கு. கறுப்பிலைதான் உயிர். நீங்கள் சிவப்பிலை பியூஸைப் போட்டால், பியூஸைக் கழட்டினாப் பிறகும் கறுத்த வயர் உயிரோடைதான் இருக்கும். வேலை செய்யிறவன் செத்த வயர் எண்டு நினைச்சுத்தான் சாவியைப் போடுவான். சாவி பெட்டியிலை முட்டினால் நடுவிலை காவலுக்குப் பியூஸே இல்லை." நான் நம்பவில்லை. பியூஸைக் கழற்றி மீற்றரை வைத்து ஐம்பத்துநாலு வோல்ற் காட்டினா. மீற்றர் பிழை என்றேன். "அப்ப ஐயா நம்பிற சாமான் எது?" என்று கேட்டா.

நான் நம்புகிற சாமான் ஒன்றுதான். இரண்டு லொறி பல்புகளை ஒன்றின்பின் ஒன்றாகத் தொடுத்து, பால்மா ரின்னில் பொருத்தி, கரண்ட் இல்லாத காலத்தில் நானே செய்த லைற். ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பையில் இருந்து எடுத்தேன். பியூஸ் வெளியே, என்னுடைய இடது கையில். ஒரு முனையைக் கறுத்த வயரில் வைத்தேன். மற்ற முனையைப் பெட்டியின் இரும்பில் வைத்தேன்.

அத்தான், என்ரை லைற் எரிஞ்சுது.

நல்ல வெளிச்சமாக எரிந்தது. கனிசியஸ் "அட கோதாரி!" என்றான்.  அந்தப் பிள்ளை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பற்றரிக்கே உரிய பெரிய ஆளியை, அதுதான் மெயின் சுவிச்சை, முதலில் நிற்பாட்டுவித்து, எல்லாப் பியூஸையும் கழற்றி வரிசையாக மேசையில் வைப்பித்து, ஏணிக் காலடியில் இருந்து படத்தை எடுத்துத் தூசி தட்டி என் கையில் தந்தா. சிவத்த வயர் எல்லாம் பியூஸ் இல்லாத செப்புப் பட்டைக்கு, கறுத்த வயர் எல்லாம் பியூஸுக்கு, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டு. இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார். வெறும் செப்புத் தெரிகிற இடத்துக்கு மூடி போடு. ஆளியைப் போட்டு, மீற்றரால் பார்த்து, சரியென்றால் மட்டும் பியூஸை ஒவ்வொன்றாகப் போடு. நாலு மணிவரைக்கும் நின்று செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை ஒரு நிமிசமும் குந்தவில்லை, எனக்கு ரோச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றா. கடைசியில் பியூஸைக் கழற்றி என் லைற்றை நானே வைத்துப் பார்த்தேன். எரியவில்லை.

போகமுன்னம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, வேறை எங்கையும் இப்பிடிக் கட்டினனீங்களோ? சொல்லுங்கோ, ஆரும் கைவைக்க முன்னம் மாத்தலாம்," என்று கேட்டா. இல்லை என்றேன். அந்த இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பீர்கள். போன வருசம் தொண்டைமானாற்றில் ஒன்று கட்டினேன்தான். அந்தப் பரிசோதகர் வாகனத்தை விட்டு இறங்காமலே படம் எடுத்துக்கொண்டு போனவர். அந்தப் பெட்டி இன்றுவரைக்கும் ஒரு குறையில்லாமல் ஓடுகிறது. ஓடுகிறதைப் பற்றி எதற்குக் கதை? எல்லாம் முடிந்தபிறகு படிவம் நிரப்பினா. 'கட்டியவர்: வின்சன்ற். முதல் தடவை: பிழை. இரண்டாம் தடவை: சரி.' முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதக்கூடாதோ தங்கச்சி என்று கேட்டேன். "நடந்ததை நடந்தபடிதான் எழுதலாம் ஐயா," என்றா. நாற்பத்தொரு வருசத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் பிழை என்ற சொல்லை ஒருவரும் எழுதியதில்லை.

இப்போது சொல்லுங்கள் அத்தான். நகை போடுவதில்லை. பெரியவர்களின் மோதிரத்தையும் கழற்றச் சொல்கிறா. தீர்த்தத்தைத் தடுக்கிறா. வாய்விட்டுக் கேட்டும் ஒரு வரியை விட்டுத்தர மாட்டன் என்கிறா. இப்படி ஒரு பெண் மருமகளாக வந்தால், நான் சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை குளிசை போட்டேன் என்றும் படிவம் நிரப்புவா. எமில்ராஜ் சாதுப் பிள்ளை, வாய் திறக்கமாட்டான். அவனுக்கு ஏற்ற மாதிரி, வீட்டோடு இருக்கிற ஒரு பிள்ளையைப் பாருங்கள். மற்றும்படி எனக்கு அந்தப் பிள்ளையில் மனக்கசப்பு எதுவும் இல்லை என்பதை மறுபடி எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மாமாவின் முத்தங்கள். உங்கள் முழங்காலுக்காக அருமைநாயகி செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள். குளிர்காலத்தில் படியில் ஏறி இறங்காமல் இருங்கள். ஆண்டவர் உங்கள் எல்லாரையும் தன் கையில் வைத்துக் காப்பாராக.

உங்கள் அன்பு மைத்துனன்,
வின்சன்ற்.

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): செபமாலை நாளைக்குத்தான் போகிறான். அதற்கிடையில் மேலே உள்ளதற்கு ஒன்று சேர்த்து எழுதவேண்டி வந்துவிட்டது. நேற்றுக் காலை புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். எமில்ராஜ் வேலைக்குப் போய்விட்டான். அவன் ரவர் பராமரிப்புக் குழுவில் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். "இண்டைக்கு எங்கையாம் வேலை?" என்று சும்மா கேட்டேன். "தொண்டைமானாறாம். ஏதோ பெட்டியிலை புது வயர் போடவேணுமாம்," என்றாள் அருமைநாயகி. "அப்பா கட்டின பெட்டி, பயமில்லாமல் கை வைக்கலாம் எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போறான்."

புட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். போன் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. வேலைக்குள்ளே போனால் போனை வாகனத்தில் வைத்துவிட்டுத்தான் போவான். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். குருநகரில் இருந்து தொண்டைமானாறு எவ்வளவு தூரம் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். வழி முழுக்க அந்த லைற் எரிந்ததுதான் கண்ணுக்குள்ளே நின்றது. ஒரு சொல், அத்தான். 'ஓம், தொண்டைமானாற்றிலும் கட்டினேன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் பெயரைக் காப்பாற்ற என் பிள்ளையை விற்றுவிட்டேனே என்று தலைக்கவசத்துக்குள்ளே வாய்விட்டு அழுதேன். ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

போய்ப் பார்த்தால் எமில்ராஜ் ரவருக்கு வெளியே மதிலில் குந்தியிருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருக்கிறான். "என்னப்பா, இப்பிடி இளைக்க இளைக்க?" என்கிறான். "கறுத்த வயரைத் தொட்டியோடா?" என்று கத்தினேன். "இல்லையப்பா. பியூஸைக் கழட்டிப்போட்டு மீற்றரை வைச்சுப் பாத்தன், உயிர் கிடந்தது. ஜெயனி வெள்ளிக்கிழமை பின்னேரமே போன் எடுத்துச் சொன்னவ, அப்பா கட்டின பெட்டி எதையும் மீற்றர் வைக்காமல் தொடக்கூடாதெண்டு. வீட்டிலை சிரிச்சுச் சொன்னது உங்களுக்கு மனவருத்தம் வரக்கூடாதெண்டு." எந்த ஜெயனி என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். "மாமா பேசின ஜெயனிதான். எட்டு மாசமாக் கதைக்கிறம். நாங்கள் கேட்டுத்தான் மாமா உங்களோடை பேசினவர்."

அப்ப, யாகோப்பு அத்தான், உங்களுக்கும் தெரியும். அருமைநாயகிக்கும் தெரியும், அதுதான் அந்த 'மாமி'. வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வந்து இறங்கும்போதே நான் ஆர் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் மோதிரத்தைக் கழற்றச் சொன்னா. தெரிந்துகொண்டுதான் பிழை என்று எழுதினா. நான் இல்லையென்று சொன்ன பொய்யை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

கனிசியஸிடமும் கொம்பனியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தொண்டைமானாற்றுப் பெட்டியை நானும் மகனுமாக நேற்றே பிரித்துக் கட்டினோம். படம் இந்தமுறை கையில் இருந்தது. படிவத்தில் 'முதல் தடவை: பிழை' என்று என் கையாலேயே எழுதினேன்.

மேலே நான் எழுதிய மறுமொழியை நீங்கள் வாசித்ததாகக் கணக்கில் வைக்கவேண்டாம். கிழித்து எறியத்தான் நினைத்தேன், பதினொரு பக்கம் எழுத எடுத்த பாட்டை நினைத்து விட்டுவிட்டேன். என்னுடைய மோதிரம் இன்னும் சேட்டுப் பொக்கற்றில்தான் கிடக்கிறது, விரலுக்குத் திரும்ப ஏறுதில்லை. அதை உருக்கி ஜெயனிக்கு ஒரு மோதிரம் செய்யலாம் என்று அருமைநாயகி சொல்கிறாள். பிள்ளையின் விரல் அளவை உடனே கேட்டு அறிவிக்கவும். வேலைக்குப் போகும்போது கழற்றக்கூடிய மாதிரி, எப்பன் தளர்வாக.